நண்பகல் மின்சாரமும் நாளைய வாகனமும்

கொழும்பையும் திருகோணமலையையும் இணைக்கின்ற நெடுஞ்சாலையில், குருநாகலைக் கடந்து தம்புள்ளையை நோக்கிச் செல்லும் பிரயாணி, தென்னந்தோப்புகளின் அடர்த்தி மெல்லக் குறைந்து வயலும் குளமும் வெயிலும் மிகுந்துவரும் பூமியில் கால்வைக்கும்போது சந்திக்கின்ற ஊர் கலேவெல. மாத்தளை மாவட்டத்தைச் சேர்ந்த இந்நகரிலிருந்து கொழும்புக்கு ஏறத்தாழ 130 கிலோமீற்றர். திருகோணமலைக்கும் ஏறத்தாழ அவ்வளவே. தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்துக்குக் காய்கறி ஏற்றிச் செல்லும் லொறிகளும், யாத்திரிகர்களைச் சுமந்து செல்லும் வான்களும் இரவு பகல் ஓயாது கடந்து செல்லும் இவ்வூரில், ஒரு குடும்பத்தையும் அதன் மூட்டை முடிச்சுகளையும் தாராளமாக ஏற்றிச் செல்லத்தக்க முழு அளவுக் கார் ஒன்றை வாங்க நினைப்பவர் எவராயினும், பெற்றோலும் மின்சாரமும் கலந்து ஓடும் ஹைபிரிட்டை நாடுவதா, முற்றிலும் மின்சாரத்தால் ஓடுவதை நாடுவதா என்ற கேள்விக்கு விடை காணாமல் இன்று அடுத்த அடி எடுத்துவைக்க இயலாது.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளின் பின்னர், 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் திறந்துவிடப்பட்டபோது, இடைக்காலத்தில் மோட்டர்த் தொழில் வெகுதூரம் நகர்ந்துவிட்டதை நம்மவர்கள் கண்டார்கள். முன்பு ஜப்பானிலிருந்து வந்து குவிந்தவை பிரியஸ், அக்குவா, வெசல் போன்ற ஹைபிரிட் கார்கள். இப்போது அவற்றின் அருகே பீ.வை.டி. முதலிய சீன நிறுவனங்களின் பெரிய மின்சாரக் கார்களும் வந்து நிற்கின்றன. இவ்விரு காலங்களுக்கும் நடுவே 2022 ஆம் ஆண்டு கிடக்கிறது. பெற்றோல் நிலையங்களின் முன்னே நாட்கணக்கில் வரிசையில் நின்றதும், கியூ.ஆர். குறியீட்டைக் காட்டி ஒரு காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர் பெற்றுத் திருப்தியடைந்ததும், அதே ஆண்டு மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்சாரமின்றி இருளில் அமர்ந்திருந்ததும் எவருக்கும் மறக்கக்கூடியவை அல்ல. ஆகவே எதை நம்புவது என்னும் இவ்வினா, இரண்டும் கைவிட்ட காலத்தை அனுபவித்து அறிந்தவர்கள் கேட்கும் வினா. அதற்கு விளம்பர வாசகங்களால் அன்றி, சக்தி எங்கே பிறந்து எங்கே விரயமாகிறது என்ற விஞ்ஞானக் கணக்கினாலேயே விடை கூற வேண்டும்.

அக்கணக்கைப் பெற்றோலிலிருந்து தொடங்குவோம். ஒரு லீற்றர் பெற்றோலில் ஏறத்தாழ 9 கிலோவாற்று மணி, அதாவது நமது மின்பட்டியலின் கணக்கில் 9 அலகு சக்தி அடங்கியிருக்கிறது. அத்தனை சக்தியைச் சிறு தகரத்தில் அடக்கி வைக்கும் பொருள்கள் இயற்கையில் அதிகமில்லை. ஆனால் சாதாரணக் கார் எஞ்சின் அதிற் காற்பங்கு அளவையே சக்கரங்களிடம் சேர்ப்பிக்கிறது. எஞ்சியது ரேடியேற்றரின் வழியாகவும் புகைக்குழாயின் வழியாகவும் உஷ்ணமாக வெளியேறிவிடுகிறது. சக்கரத்தை அடைந்த அச்சொற்பமும் முழுமையாகப் பயன்படுவதில்லை. ஒன்றரைத் தொன் நிறையுள்ள கார் மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் வந்து, கடைத்தெரு நெரிசலில் பிரேக் பிடித்து நின்றால், அந்த வேகத்தை உண்டாக்கச் செலவான ஏறத்தாழ 25 மில்லிலீற்றர் பெற்றோல், ஐந்து தேக்கரண்டி அளவு, பிரேக் தட்டுகளின் சூடாக ஒரு கணத்தில் மறைந்துபோகிறது. வாகனம் பெரிதாக ஆக, இவ்விரயமும் அதன் நிறைக்கு நேர் விகிதத்தில் பெருகும். எனவே பெரிய காரின் எதிர்காலத்தைப் பற்றிப் பேசுவோர் முதலில் பதில் சொல்ல வேண்டிய இடங்கள் இரண்டு: எஞ்சினில் விரயமாகும் உஷ்ணம், பிரேக்கில் விரயமாகும் வேகம்.

ஹைபிரிட் இவ்விரண்டுக்கும் ஒரு பரிகாரம் கண்டது. எஞ்சினையும் மின்மோட்டரையும் ஒரே வண்டியில் இணைக்கும் முயற்சி 1900 ஆம் ஆண்டளவிலேயே பேர்டினண்ட் போர்ஷேயினால் செய்து காட்டப்பட்டதாயினும், அது பொதுமக்களின் வாகனமாகியது 1997 டிசம்பரில் டொயோட்டா நிறுவனம் ஜப்பானில் பிரியஸ் காரை விற்பனைக்கு விட்டபோதுதான். அதன் நடுவே இருப்பது ஒரு பற்சக்கரத் தொகுதி. மையத்தில் சூரியச் சக்கரம், அதைச் சுற்றி உருளும் கோட்சக்கரங்கள், அவற்றைச் சூழ உட்புறம் பற்கள் கொண்ட வளையம் என அமைந்த இத்தொகுதியில், மையச் சக்கரத்தோடு மின்பிறப்பாக்கியும், கோட்சக்கரங்களைத் தாங்கும் சட்டத்தோடு எஞ்சினும், வெளி வளையத்தோடு பெரிய மோட்டரும் வண்டிச் சக்கரங்களும் இணைந்திருக்கின்றன. கியர் மாற்றும் பெட்டியோ கிளட்சோ இன்றி, எஞ்சினின் சக்தி சக்கரத்துக்கு நேரே செல்வதா, மின்சாரமாகிச் செல்வதா என்பதை அவ்வமைப்பே கணந்தோறும் பங்கிட்டுக் கொடுக்கிறது. எஞ்சின் தனக்கு மிகச் சிக்கனமான வேகத்தில் மட்டும் உழைப்பதால் அதன் திறன் 40 சதவீதம் வரை உயர்கிறது. பிரேக் பிடிக்கும்போது மோட்டர் மின்பிறப்பாக்கியாக மாறி, விரயமாகவிருந்த வேகத்தின் பெரும்பகுதியைப் பற்றரிக்குத் திருப்பி அனுப்புகிறது.

இத்தனைக்கும் அந்தப் பற்றரி மிகச் சிறியது. மூன்றாந் தலைமுறைப் பிரியஸின் பின்னாசனத்துக்குப் பின்னால் இருப்பது 1.3 கிலோவாற்று மணி கொள்ளும் நிக்கல் உலோக ஐதரைட்டுப் பற்றரி. நிறை ஏறத்தாழ 40 கிலோகிராம். நமது பிரதேசத்துப் பட்டறைகளில் அதைத் திறந்து வைத்திருக்கும்போது பார்ப்பவர்கள், செங்கல்லை அடுக்கியதுபோன்று 28 பெட்டிகள் வரிசையாக நிற்பதையும், ஒவ்வொன்றிலும் 1.2 வோல்ற்றுக் கலங்கள் ஆறு அடங்கியிருப்பதையும், அவற்றை இணைக்கும் செப்புத் தகடுகளில் பச்சைக் களிம்பு பூத்திருப்பதையும் காணலாம். தொழிலாளி ஒவ்வொரு பெட்டியாக அளந்து, சோர்ந்துபோனவற்றை மட்டும் கழற்றி, வேறு பெட்டிகளைப் பொருத்தி, களிம்பைத் தேய்த்துத் துடைத்து மீண்டும் மூடுகிறார். பல சமயங்களில் நோயின் மூலம் பற்றரியில் இருப்பதில்லை. அதற்குக் குளிர்காற்று ஊட்டும் சிறு விசிறியின் வாயில் நமது தெருப்புழுதி படிந்து அடைத்துக்கொள்ள, உள்ளே உஷ்ணம் ஏறியதே மூலம். ஜப்பானின் மிதமான சீதோஷ்ணத்துக்காகச் செய்யப்பட்ட யந்திரம் உலர் வலயத்து வெயிலில் எவ்வாறு மூப்படைகிறது என்ற பாடத்தை நமது தொழிலாளிகள் கைப்பழக்கத்தால் கற்றிருக்கிறார்கள். அது மதிக்கத்தக்க அறிவு.

உஷ்ணம் என்னும் இதே சத்துரு மின்சாரக் காரின் முதற் பிரவேசத்தையும் நம் நாட்டிற் பாழ்படுத்தியது. 2014, 2015 ஆம் ஆண்டுகளில் வரி குறைந்திருந்த வேளையில் ஜப்பானிலிருந்து நிசான் லீஃப் கார்கள் ஆயிரக்கணக்கில் வந்திறங்கின. லீஃப் தன் காலத்தில் ஒரு சாதனை. ஆனால் அதன் 24 கிலோவாற்று மணிப் பற்றரியைக் குளிர்விக்கத் திரவமோ விசிறியோ கிடையாது. லித்தியம் அயன் கலத்தினுள், மின்னேற்றம் சேமிக்கப்படும் வேலையோடு, கலத்தைச் சிறிது சிறிதாக அரிக்கும் வேண்டாத இரசாயனத் தாக்கங்களும் நடைபெற்றுக்கொண்டே இருக்கின்றன. உஷ்ணநிலை ஒவ்வொரு 10 பாகை உயரும்போதும் இத்தகைய தாக்கங்களின் வேகம் ஏறத்தாழ இருமடங்காகும் என்பது இரசாயனவியலின் பழைய விதி. அமெரிக்காவில் அரிசோனாப் பாலைநிலத்தில் 2012 அளவில் எழுந்த முறைப்பாடுகளே பின்னர் நம் நாட்டிலும் எழுந்தன. புதிதாக இருந்தபோது ஒருமுறை மின்னேற்றினால் ஏறத்தாழ 117 கிலோமீற்றர் செல்லும் என அமெரிக்க அரசு அளந்து கூறிய அக்கார், மூப்படைந்த பின் கலேவெலவிலிருந்து குருநாகலுக்குப் போய் அச்சமின்றித் திரும்புவதற்கும் போதாததாயிற்று. மின்சாரக் கார் என்றாலே முகஞ்சுளிக்கும் பழக்கம் நம்மவரிடம் வேரூன்றியது அக்காலத்தில்தான்.

ஆனால் ஒரு கருவியின் முதற் குறையை அதன் சுபாவம் என்று முடிவுகட்டுவது விஞ்ஞானத்துக்கு உகந்ததன்று. 1990களில் அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜோன் குடினஃப் என்னும் முதுபெரும் விஞ்ஞானியின் ஆய்வுக்கூடத்தில், இரும்பும் பொஸ்பேற்றும் சேர்ந்த ஒரு சேர்வை லித்தியத்தை ஏற்று இறக்கவல்லது எனக் கண்டுபிடிக்கப்பட்டது. பின்னர் 2019 இல், தமது 97 ஆவது வயதில், வேறு இருவரோடு அவர் இரசாயனவியலுக்கான நோபல் பரிசைப் பெற்றார். கோபால்ற்றும் நிக்கலும் வேண்டாத, மலிவான, சூட்டில் எளிதிற் குலையாத இச்சேர்வை, ஒரே நிறைக்குக் குறைந்த சக்தியையே கொள்ளும் என்ற குறையினால் முதலில் பெரிய கார்களுக்கு ஒவ்வாததென எண்ணப்பட்டது. 2020 இல் பீ.வை.டி. நிறுவனம் அதை நீண்ட தகடு வடிவக் கலங்களாகச் செய்து நெருக்கமாக அடுக்கும் முறையை அறிமுகப்படுத்திய பின் அக்குறை பெருமளவு தீர்ந்தது. குளிர்விக்கும் ஏற்பாடும் வாகனத்திலேயே அமைந்துவிட்டது. இன்று குடும்பத்துக்குப் போதுமான அளவுள்ள மின்சாரக் காரொன்று ஏறத்தாழ 60 கிலோவாற்று மணி மின்சாரத்தைச் சுமந்து செல்கிறது. நமது சாலை வேகத்தில், குளிரூட்டியும் இயங்க, 100 கிலோமீற்றருக்கு அது செலவிடுவது 17 அலகு அளவே. கலேவெலவிலிருந்து கொழும்புக்குப் போய் வர 260 கிலோமீற்றருக்கு 44 அலகு. வீடு திரும்பிய பின்னும் காற்பங்கு மீந்திருக்கும். ஆகவே தூரத்தைப் பற்றிய பழைய அச்சம், நமது தீவின் அளவுக்கு, இனி அறிவின் அடிப்படையற்றது.

எனினும் ஹைபிரிட்டின் பட்சத்தில் நிற்போர் கூறும் வலுவான நியாயம் ஒன்றுண்டு. அதை மதித்து ஆராயாமல் தீர்ப்புச் சொல்வது நேர்மையாகாது. 60 கிலோவாற்று மணிப் பற்றரியின் நிறை நானூறு கிலோகிராமை ஒட்டியது. நாளொன்றுக்கு நாற்பது கிலோமீற்றர் மட்டுமே ஓடும் குடும்பமும் அப்பாரத்தை ஒவ்வொரு நாளும் சுமந்து திரிய வேண்டும். ஒரு நீண்டதூர மின்சாரக் காரின் பற்றரிக்கு வேண்டிய மூலப்பொருள்களைக் கொண்டு 90 ஹைபிரிட் கார்களுக்குப் பற்றரி செய்யலாம் என டொயோட்டா நிறுவனமே வாதித்திருக்கிறது. மூலப்பொருள்கள் அரியவையாயிருக்கும்வரை இவ்வாதத்திற் சாரமுண்டு. ஆனால் பற்றரியில் அடங்கிய பொருள்கள் எரிந்து அழிபவை அல்ல. அவற்றுள் முக்கியமான ஒன்று, கலத்தின் எதிர்முனையாக விளங்கும் காரீயம், பென்சிற்கரி. உலகிலேயே மிகத் தூய நாளக் காரீயம் கிடைக்கும் காஹட்டகஹச் சுரங்கம் கலேவெலவுக்கு அயலிலுள்ள குருநாகல் மாவட்டத்திலேயே இருக்கிறது. முதலாம் உலக மகாயுத்த காலத்தில் உலோகம் உருக்கும் மூசைகளுக்காக அக்கரி கப்பல் கப்பலாக ஏற்றுமதியாயிற்று. பூமியின் கீழிருந்து ஒருமுறை எடுத்த கரி பற்றரியினுள் ஆயிரக்கணக்கான முறை லித்தியத்தை ஏற்று இறக்கும்; எஞ்சினுள் ஊற்றிய பெற்றோலோ ஒரே ஒரு முறை எரிந்து முடியும். ஹைபிரிட் அந்த எரிப்பைக் குறைக்கிறது; அதை ஒழிப்பதில்லை. ஆகவே நாம் வேண்டுவது சிறிய பற்றரியும் அல்ல, மிகப் பெரிய பற்றரியும் அல்ல, நமது தேவைக்கு அளவான பற்றரி. இரண்டரைத் தொன் நிறையுள்ள ஆடம்பர வாகனத்துக்கு 100 கிலோவாற்று மணிப் பற்றரி சுமத்துவதை முன்னேற்றம் என்று புகழ எனக்கு மனம் வரவில்லை.

இனி இவ்விவாதத்தின் உயிர்நிலைக்கு வருவோம். மின்சாரக் கார் புகை விடாது. ஆனால் அதற்கு மின்சாரம் தரும் நிலையம் புகை விடலாம். நுரைச்சோலையில் உள்ள 900 மெகாவாற்று நிலக்கரி நிலையம் நமது மின்சாரத்தின் கணிசமான பங்கைத் தருகிறது. நிலக்கரியில் ஓர் அலகு மின்சாரம் பிறக்கும்போது ஏறத்தாழ ஒரு கிலோகிராம் கரியமில வாயு வெளிப்படுகிறது. கம்பிகளிலும் மின்னேற்றத்திலும் நேரும் நஷ்டங்களைச் சேர்த்தால், மின்சாரக் கார் 100 கிலோமீற்றர் ஓட நிலையத்திற் பிறக்க வேண்டியது ஏறத்தாழ 20 அலகு; அதாவது நிலக்கரியையே நம்பி ஓடினால் 20 கிலோகிராம் வாயு. அதே அளவுள்ள ஹைபிரிட் அத்தூரத்துக்கு 5 லீற்றர் பெற்றோல் எரித்தால், லீற்றருக்கு 2.3 கிலோகிராம் வீதம் வெளிப்படுவது பதினொன்றரைக் கிலோகிராமே. ஆகவே நிலக்கரியில் ஓடும் மின்சாரக் கார், நல்ல ஹைபிரிட்டைக் காட்டிலும் ஆகாயத்தை அதிகம் மாசுபடுத்துகிறது. ஆனால் அதே கார் சூரியனிலிருந்தும் நீர்வீழ்ச்சியிலிருந்தும் பெறப்பட்ட மின்சாரத்தில் ஓடும்போது, ஓட்டத்தில் வெளிப்படுவது ஏறத்தாழச் சூனியம்! வாகனம் ஒன்றே, சாலை ஒன்றே, சாரதியும் ஒருவரே. மாறியது மின்னேற்றிய வேளையும், அதனால் மின்சாரம் பிறந்த இடமும் மாத்திரம்.

இவ்விடத்தில்தான் மாத்தளை மாவட்டத்தவர்கள் தங்கள் காலடியில் இருப்பதைக் கவனிக்க வேண்டும். மகாவலி நீர் பொல்கொல்லையில் திருப்பப்பட்டு, சுரங்கவழியே உக்குவளை மின்நிலையத்துக்கு வந்து விழுந்து, போவதென்ன நீர்த்தேக்கத்தை அடைந்து, அங்கிருந்து ஒரு பகுதி கண்டலமைக்கும் கலாவாவிக்கும் செல்கிறது. மொரகஹகந்தையிலும் நீரிலிருந்து மின்சாரம் பிறக்கிறது. இதற்கு மேலாக, இப்பூமியின் வெயில் இருக்கிறது. 5 கிலோவாற்று அளவுள்ள கூரைத் தகடுகள் நல்ல நாளில் 20 அலகு அளவு தரும்; அது நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட ஓட்டம். 2016 இல் அரசு தொடங்கிய கூரைச் சூரியசக்தித் திட்டத்தின் பின் தகடுகள் நாடெங்கும் பெருகி, இன்று மிகுதியே தொல்லையாகிவிட்டது. 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கினால் நேர்ந்த பழுது தீவு முழுவதையும் இருளாக்கியது. அவ்வேளையில் தேவை குறைந்து, சூரிய மின்சாரம் மிகுந்து, அதிர்ச்சியைத் தாங்கிச் சமன்செய்யத்தக்க பாரமான சுழலிகள் போதிய அளவில் ஓடாதிருந்தமை முக்கிய காரணமெனக் கூறப்பட்டது. அதே ஆண்டு சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், பகல் வேளையில் கூரைத் தகடுகளை நிறுத்திவைக்குமாறு இலங்கை மின்சார சபை மக்களை வேண்டிக்கொண்டது. பெற்றோலுக்கு அந்நியச் செலாவணி தேடி அலையும் ஒரு தேசம், இலவசமாகப் பொழியும் சக்தியை வேண்டாமென்று நிறுத்திவைப்பதைக் காட்டிலும் மனத்தை வருத்தும் விரயம் வேறேது?

மாரியில் பெய்ததைத் தேக்கிக் கோடையில் வயலுக்கு விடுவதற்காகத் தாதுசேன மன்னன் கலாவாவியைக் கட்டிய பூமி இது. நண்பகலில் பொழியும் ஒளியைத் தேக்கிவைக்கும் குளங்களாக நமது கார்களின் பற்றரிகள் ஆகக்கூடாதா? ஆகலாம், ஆனால் அதற்கு நமது பழக்கமும் கட்டண முறையும் மாறவேண்டும். வீட்டு மின்சாரத்துக்கான நேரவாரிக் கட்டணத்தில் நெடுங்காலமாக மலிவான வேளை, இரவு பத்தரையிலிருந்து அதிகாலை ஐந்தரை வரை. சூரியன் இல்லாத, நிலக்கரி உலை ஓயாது எரியும் அவ்வேளையில் காரை மின்னேற்றச் சொல்லும் கட்டணம், காலத்துக்கு ஒவ்வாத கட்டணம். நண்பகலில் கார்கள் எங்கே நிற்கின்றன? பாடசாலை முற்றங்களிலும், வங்கிகளின் முன்னும், பிரதேச செயலக வளாகங்களிலும், தம்புள்ளைச் சந்தையிலும் நிற்கின்றன. சாதாரண 13 அம்பியர் மின்செருகித் துளையில் 3 கிலோவாற்று வீதம் ஐந்து மணிநேரம் ஏற்றினாலே 15 அலகு; ஓர் ஆசிரியரின் இரண்டு நாள் ஓட்டத்துக்கு அது மிகையாகப் போதும். வேக மின்னேற்றிகள் நெடுஞ்சாலைக்கு வேண்டும். ஆனால் சாமானிய வாழ்க்கைக்கு வேண்டியது நிழலும், ஒரு துளையும், பகலில் மலிந்த கட்டணமுமே.

இவ்வாறு கூறுவதால் ஹைபிரிட்டை நாளையே கைவிடச் சொல்வதாகக் கொள்ளலாகாது. விமான நிலையத்துக்கும் யாழ்ப்பாணத்துக்கும் முன்னறிவிப்பின்றி ஓட நேரும் வாடகை வாகனச் சாரதிக்கும், கூரையோ சொந்த முற்றமோ இல்லாமல் வாடகை அறையில் வசிப்பவருக்கும், நல்ல நிலையிலுள்ள ஹைபிரிட்டை ஏற்கெனவே வைத்திருப்பவருக்கும் அதுவே இன்னும் சில ஆண்டுகளுக்கு உற்ற துணை. ஒரு பெரிய பற்றரியைச் செய்யும்போதே சில தொன் கரியமில வாயு வெளிப்பட்டுவிடுவதால், சொற்பமே ஓடும் குடும்பம், இருக்கும் ஹைபிரிட்டை விற்றுப் புதிய மின்சாரக் கார் வாங்குவது ஆகாயத்துக்கும் பணப்பைக்கும் லாபமன்று. இரண்டுக்கும் இடைப்பட்டதாய், வெளியிலிருந்தும் மின்னேற்றக்கூடிய பிளக்-இன் ஹைபிரிட், ஏட்டில் மிகச் சிக்கனமானது. ஆயினும் உரிமையாளர்கள் அதை ஒழுங்காக மின்னேற்றுவதில்லை என்பதனால், சாலையில் அது வெளியிடும் வாயு பரிசோதனைக்கூட அளவைப்போல் ஏறத்தாழ மூன்றரை மடங்கு என ஐரோப்பிய ஆணைக்குழு 2024 இல் வெளியிட்ட அறிக்கை காட்டியது. நாள்தோறும் மின்னேற்றும் ஒழுங்கு இல்லாதவர் கையில் அது பாரமான பெற்றோல் காராகவே முடியும்.

ஆகவே பெரிய காரின் எதிர்காலம் மின்சாரத்திடமே இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆனால் அந்த எதிர்காலம் கார் விற்பனைக் கூடத்தில் வாங்கக் கிடைப்பதன்று. ஹைபிரிட்டுக்கு எஞ்சினின் கொள்ளளவையும் மின்சாரக் காருக்கு மோட்டரின் வலுவையும் அளந்து வரி விதிக்கும் அரசு, வாகனத்தின் நிறையையும் சேர்த்து அளக்கத் தொடங்கட்டும். மின்கட்டணத்தை நிர்ணயிப்போர் நண்பகல் அலகைப் பின்னிரவு அலகைக் காட்டிலும் மலிவாக்கட்டும். பாடசாலையும் பள்ளிவாசலும் கோவிலும் விகாரையும் சந்தையும் தத்தம் வாகன நிறுத்துமிடங்களின் மேல் சூரியத் தகடுகளைப் பரப்பி, கீழே நிற்கும் வண்டிகளுக்கு நிழலையும் மின்சாரத்தையும் ஒருங்கே கொடுக்கட்டும். மின்சாரக் கார் வாங்குவோர் தமது அன்றாட ஓட்டத்தை அளந்து, அதற்குத் தக்க பற்றரியோடு நிறுத்திக்கொள்ளட்டும். நிலக்கரியில் ஓடும் மின்சாரக் கார் ஹைபிரிட்டிடம் தோற்கும், வெயிலில் ஓடும் மின்சாரக் கார் அதை வெல்லும். அவ்விரண்டில் எது நமது சாலையில் ஓடப்போகிறது என்பதைத் தீர்மானிப்பவர்கள் ஜப்பானியரும் அல்லர், சீனரும் அல்லர், நாமே.